மூசையைத் தின்னும் உலோகம்: கஞ்சிக்கோட்டுப் பட்டறைக்கு எந்த உலை?

என் அக்காள் மகன் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் மெழுகு வார்ப்புப் பட்டறை நடத்துகிறான். மெழுகில் மாதிரி செய்து, அதன்மேல் பூச்சுப் பூசி, மெழுகை உருக்கி எடுத்த ஓட்டுக்குள் உலோகத்தை ஊற்றும் வேலை. துருப்பிடிக்காத எஃகில் பம்பு இம்பெல்லர், வால்வு உடல் என்று வார்த்து, பெரும்பகுதியை வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறான். வேலையாட்களில் பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்கள். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து பந்தய எஞ்சின் கட்டும் ஒருவர் வந்து மூன்று பாகங்களை மேசையில் வைத்தார். ஒன்று டர்போசார்ஜரில் வெளியேற்று வாயு சுழற்றும் டர்பைன் சக்கரம், இன்னொன்று பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, மூன்றாவது கிளட்ச் பக்கத்து மூடி. சக்கரத்தை டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த டைட்டானியம் அலுமினைடிலும், ராடை டைட்டானியத்திலும், மூடியை மெக்னீசியத்திலும் வார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால் இந்த மாதிரியான ஆட்களும் ஆசைகளும் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. கேள்விதான் புதிது.

"மாமா, மூன்றுக்கும் ஒரே உலை போதுமா? போதாதென்றால் எதை முதலில் வாங்குவது?" என்று மருமகன் கேட்டான். முப்பது ஆண்டுகள் உலைக்கு முன் நின்றவன் நான். பத்து நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு யோசித்ததை இங்கே எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டிலும் கோயம்புத்தூர்க் குறிச்சியிலும் வேறு சிலரும் இதே கேள்வியோடு இருக்கிறார்கள் என்று தெரியும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே சூடு பெரிய சிக்கல் அல்ல. இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, டைட்டானியம் 1,668 டிகிரியில். அந்த இடைவெளியை, காந்தப்புலத்தால் உலோகத்திலேயே மின்னோட்டத்தைத் தூண்டி உருக்கும் எந்த நல்ல இண்டக்‌ஷன் உலையும் தாண்டிவிடும். உருகிய பிறகு அதை எதில் வைத்திருப்பது என்பதுதான் கேள்வி. உருகிய டைட்டானியம் காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சும். காற்றை வெளியேற்றி வெற்றிடத்தில் வைத்தால் மூசையையே, அதாவது உருக்கும் பாத்திரத்தையே, தின்னத் தொடங்கும். சிலிக்கா, அலுமினா, சிர்கோனியா என நாம் நம்பிப் பழகிய மூசைப் பொருட்கள் எல்லாம் ஆக்சைடுகள். அவற்றிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் வலிமை டைட்டானியத்துக்கு உண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டலைப் பூசி ஐம்பொன்னை ஊற்றுகிறார்கள். அதே மண் அச்சில் டைட்டானியத்தை ஊற்றினால், மண்ணிலுள்ள சிலிக்காவைச் சிதைத்து உலோகம் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். அப்படி ஆக்சிஜன் ஏறிய டைட்டானியம் கடினமாகவும் எளிதில் உடையக்கூடியதாகவும் மாறிவிடும். ஐந்தாம் தர டைட்டானியத்தில், அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்ததில், ஆக்சிஜன் 0.20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான்.

ஆகவே உலைகளை ஒப்பிடுவது என்றால், உருகிய உலோகத்தை ஒவ்வோர் உலையும் எதில் தாங்கிப் பிடிக்கிறது என்று ஒப்பிடுவதுதான்.

மருமகனுக்கு உடனே பிடித்த வழி முதல் வழி. கையில் இருக்கும் இண்டக்‌ஷன் அறிவை வைத்துக்கொண்டு, வெற்றிட அறை ஒன்றைச் சேர்த்து, மூசையை மட்டும் மாற்றிவிடலாம் என்பது அவன் எண்ணம். டைட்டானியத்தை ஓரளவு தாங்கும் ஆக்சைடுகள் இரண்டு உண்டு. ஒன்று இட்ரியா, மற்றொன்று கால்சியா. இட்ரியா விலை மிக அதிகம். திடீர் சூட்டில் விரிசல் விடும், உதிரும். உதிர்ந்த துகள் உலோகத்துக்குள் கலந்து வார்ப்புக்குள் உறைந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடிய டர்பைன் சக்கரத்தில் அப்படி ஒரு துகள் இருந்தால், திரும்பத் திரும்பப் பளு ஏறுவதால் வரும் களைப்பு விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். கால்சியா என்பது நம் சுண்ணாம்புதான். டைட்டானியத்தின் முன் நன்றாகவே நிற்கும், விலையும் குறைவு. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பொடியாகிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் மாதத்தில் நுழையும் ஈரக்காற்றை நாம் அறிவோம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சுட்டு, நீற்றி வைத்த வீட்டில் பிறந்த எவருக்கும் சுட்ட சுண்ணாம்பு ஈரத்தில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கஞ்சிக்கோட்டில் கால்சியா மூசையை நான்கு மாதம் காப்பாற்றுவது தனி வேலை.

இந்த வழியை அடியோடு தள்ளிவிடவும் நான் தயாராக இல்லை. டைட்டானியம் அலுமினைடில் அலுமினியம் ஏறக்குறைய எடையில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு அலுமினியம் கலந்திருப்பதால் டைட்டானியத்தின் பசி கொஞ்சம் தணிகிறது. அலுமினைடின் உருகுநிலையும் 1,500 டிகிரிக்கு அருகில்தான். எனவே இட்ரியா மூசையில் அலுமினைடைக் குறுகிய நேரம் உருக்கி ஊற்றுவது நடக்கிற காரியம். இதில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. உருகுநிலைக்கு மேல் 100 டிகிரிக்கும் அதிகமாகச் சூடேற்ற முடியும், மெல்லிய இறக்கை நுனிவரை உலோகம் ஓடும். தூய டைட்டானியத்துக்கோ ஐந்தாம் தரத்துக்கோ இந்த வழியைக் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது வழி வெற்றிட மின்வில் உலை. டைட்டானியத்தையே மின்முனையாகத் தொங்கவிட்டு, நீர் குளிர்விக்கும் செப்புப் பாத்திரத்துக்குள் மின்வில்லால் உருக்குவது. செம்பைத் தொட்ட உலோகம் உடனே உறைந்து ஓடுபோல் ஒட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள்ளேதான் உருகிய உலோகம் நிற்கும். அதாவது டைட்டானியத்தை டைட்டானியமே தாங்குகிறது. கெடுக்க வேறு பொருள் இல்லை. பெரிய வார்ப்புகளுக்கு, குறிப்பாக ரசாயன ஆலைகளின் டைட்டானியம் பம்புகளுக்கு, உலகம் பல பத்தாண்டுகளாக நம்பும் முறை இது. இடித்துத் திணித்த கிராஃபைட் அச்சோடு சேர்ந்து இது வேலை செய்யும். பம்புக்குப் பேர்போன கோயம்புத்தூருக்கு அடுத்த ஊரில் இருந்துகொண்டு இதை யாரும் இகழ முடியாது. ஆனால் நம் மூன்று பாகங்களுக்கு இது பொருந்தாது. மின்முனையை முதலில் செய்தாக வேண்டும், வார்ப்பில் வெட்டியெடுத்த ரன்னர், ரைசர் என்னும் உபரித் துண்டுகளை மீண்டும் உருக்குவது கடினம், அலுமினைடை உடையாத மின்முனையாகச் செய்வது அதைவிடக் கடினம். மின்வில் இடம் மாறிச் செப்புச் சுவரைத் துளைத்தால் குளிர்நீர் உலோகத்துக்குள் பாய்ந்து வெடிக்கும். இத்தகைய உலைகளைக் கனத்த கான்கிரீட் சுவருக்குப் பின்னால் வைப்பது அந்த அச்சத்தால்தான். சிறு பட்டறைக்கு வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வழி இண்டக்‌ஷன் ஓட்டு உலை. எனக்கு மிகவும் பிடித்தது, எழுதவும் நிறைய இருக்கிறது. இங்கும் பாத்திரம் செம்புதான், ஆனால் ஒரே சுவராக இருக்காது. கைவிரல்களைச் சேர்த்து நிறுத்தியதுபோல் செப்புத் துண்டுகள் வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் நீர் ஓடும், இரண்டு துண்டுகளுக்கு நடுவே மெல்லிய பிளவு இருக்கும். பிளவு இல்லாவிட்டால் சுருளின் காந்தப்புலத்தைச் செம்பே விழுங்கிவிடும். பிளவு வழியாகப் புலம் உள்ளே நுழைந்து உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி உருக்குகிறது. அதே புலத்தின் விசை உருகிய உலோகத்தைச் சுவரிலிருந்து உள்நோக்கித் தள்ளிக் குவிமாடம்போல் நிறுத்துகிறது. அடியில் மட்டும் மெல்லிய ஓடு உறைந்திருக்கும். காந்தப்புலம் உலோகத்தைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் கலவை சீராகிறது. அலுமினைடுக்கு இது உயிர்நாடி. அணுக்களின் எண்ணிக்கையில் 48 சதவீதம் அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ உள்ளமைப்பும் வலிமையும் மாறிவிடும். முழு வெற்றிடத்தில் வைத்தால் அலுமினியம் ஆவியாகிப் போகும். அதனால் அறையைக் காலியாக்கிவிட்டு ஆர்கானைக் கொஞ்சம் நிரப்பி உருக்க வேண்டும். பழைய ரன்னர் துண்டுகளைச் சுத்தம் செய்து அப்படியே திரும்பப் போடலாம், மின்முனை வேண்டியதில்லை.

குறையும் உண்டு, சிறிய குறை அல்ல. கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் உலோகத்தைச் சேர்கிறது. மீதியைக் குளிர்நீர் கொண்டுபோகிறது. அடுத்தது, உருகுநிலைக்கு மேல் 50, 60 டிகிரிதான் சூடேறும். ஊற்றும்போதே உலோகம் உறையப் பார்க்கும். டர்பைன் இறக்கையின் ஓரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சும்மா சாய்த்து ஊற்றினால் நுனி நிரம்பாது. அதற்கு இரண்டு பரிகாரங்கள். ஒன்று, அச்சைச் சுழற்றிக்கொண்டே ஊற்றுவது. மற்றது, கீழிருந்து மேல்நோக்கி உறிஞ்சுவது. ஜப்பானின் டைடோ ஸ்டீல் உருவாக்கிய லெவிகாஸ்ட் முறை இரண்டாவது வகை. 1999இல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 6இன் ஆர்எஸ் வகையில் டைட்டானியம் அலுமினைடு டர்பைன் சக்கரம் வந்தது. சாலையில் ஓடும் வண்டியிலேயே இந்த உலோகத்தைப் போட முடியும் என்று காட்டிய நிகழ்வு அது. ஆகாயத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜென்எக்ஸ் எஞ்சினில் தாழ்வழுத்த டர்பைனின் கடைசி அடுக்குகளில் வார்த்த அலுமினைடு இறக்கைகள் பறக்கின்றன.

எதற்காக இவ்வளவு பாடு? அலுமினைடின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4 கிராம், வழக்கமான நிக்கல் கலவைக்கு 8 கிராமுக்கு அருகில். சக்கரம் பாதி எடையானால், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டர்போ வேகம் பிடிக்கும் தாமதம் கண்கூடாகக் குறையும். ஆனால் 750 டிகிரிக்கு மேல் ஆக்சிஜன் அரிப்பும் மெல்லத் தளரும் குணமும் தலைகாட்டும். நயோபியம் கூடுதலாகச் சேர்த்த கலவைகள் இன்னும் கொஞ்சம் தாங்கும். பெட்ரோல் எஞ்சினின் வெளியேற்று வாயு 900 டிகிரியைத் தாண்டும் என்பதால், வாடிக்கையாளரிடம் எஞ்சின் எது என்று கேட்காமல் விலை சொல்லவே கூடாது. டீசல் என்றால் இன்னும் தைரியமாக ஒப்புக்கொள்ளலாம்.

உலைக்கு இணையாக அச்சுக்கும் கவனம் வேண்டும். மெழுகு மாதிரிகளைக் கிளைகளாக ஒட்டிய மெழுகு மரத்தில் பூசும் முதல் இரண்டு பூச்சுகள்தான் உலோகத்தைத் தொடும், அவை இட்ரியாவாக இருக்கட்டும். பின்பூச்சுகளுக்கு நாம் பழகிய பொருட்களே போதும். இங்கே மருமகன் செய்யக்கூடிய தவறு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். எஃகு வார்த்த பழக்கத்தில் அச்சு ஓட்டைத் தடிப்பாகவும் உறுதியாகவும் கட்டுவான். அலுமினைடு அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு சதவீதம்கூட நீளாமல் உடையும் உலோகம். குளிரும்போது சுருங்கும் சக்கரத்தை உறுதியான ஓடு பிடித்து நிறுத்தினால் இறக்கை வேரில் விரிசல் விழும். ஓடு ஊற்றும்வரை நிற்க வேண்டும், அதன்பின் விட்டுக்கொடுக்க வேண்டும். குளிர்வதும் மெதுவாக இருக்க வேண்டும். பூச்சு உலர்த்தும் அறையில் ஈரத்தைக் கட்டுப்படுத்தாமல் பருவமழையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

வார்த்த பிறகு, உயர் வெப்பத்தில் ஆர்கான் அழுத்தத்தால் நாலாபுறமும் அமுக்கி உள் துளைகளை மூட வேண்டும். அலுமினைடுக்கு 1,200 டிகிரியை ஒட்டிய வெப்பமும் நூறு மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. இந்த இயந்திரத்தை வாங்க நினைக்க வேண்டாம், வெளியே அனுப்பலாம். ஆனால் மேற்பரப்புவரை திறந்திருக்கும் துளை இதில் மூடாது, வாயு உள்ளேயே புகுந்துவிடும். அனுப்பும் முன் எக்ஸ்ரேயும் மேற்பரப்புச் சோதனையும் பார்த்தாக வேண்டும். சக்கரத்தை எஃகுத் தண்டோடு நேரடியாக உராய்வு முறையில் பற்றவைத்தால், எஃகு குளிரும்போது உள்ளமைப்பு மாறி விரிந்து இணைப்பில் பிளவு விழும். நிக்கல் கலவைத் துண்டை நடுவில் வைத்தோ, பிரேசிங் செய்தோ இணைக்கிறார்கள். அதையும் விலையில் சேர்க்க வேண்டும்.

கனெக்டிங் ராடுக்கு வருவோம். இதை வார்க்கக் கூடாது. என் கருத்தில் இதற்கு மறுபேச்சு இல்லை. ராடு எஞ்சின் சுற்றும் ஒவ்வொரு முறையும் இழுபட்டும் அமுங்கியும் களைக்கும் பாகம். வார்த்த டைட்டானியத்தின் பருத்த படிக மணிகள் அடித்து உருவாக்கியதன் களைப்பு வலிமையைத் தரமாட்டா. 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ், டைட்டானியம் ராடுகளோடு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் கார். அவையும் அடித்து உருவாக்கியவையே. 1998இல் டொயோட்டா ஆல்டெஸ்ஸாவில் வந்த டைட்டானியம் வால்வுகள் உலோகப் பொடியை அமுக்கிச் செய்தவை. ராடு வேண்டுமென்றால் தண்டு வாங்கி, ஃபோர்ஜிங் செய்பவரிடம் அடித்து, இயந்திரத்தில் கடைந்து கொடு என்று சொல்லிவிட்டேன். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், ஆனால் உடைந்த ராடு எஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் நாள் நம் பட்டறையின் பெயரோடு வரக் கூடாது.

மூடிக்கான மெக்னீசியம் வேறொரு உலகம். 650 டிகிரியில் உருகும், அடர்த்தி 1.74 கிராம். வேடிக்கை என்னவென்றால், டைட்டானியம் தின்னாத பாத்திரம் இல்லை, மெக்னீசியத்துக்கோ நிக்கல் கலக்காத சாதாரண எஃகுச் சட்டி போதும், இரும்பை அது அவ்வளவாகக் கரைப்பதில்லை. ஆனால் மேற்பரப்பில் காற்று பட்டால் எரியும். மூடுவாயு வேண்டும். நெடுங்காலம் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளுரைடு பயன்பட்டது. நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 23,500 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது. இன்றைக்குப் புதிதாகத் தொடங்கும் எவரும் அதைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உலர்ந்த நைட்ரஜனில் சிறிதளவு சல்ஃபர் டை ஆக்சைடு கலந்தாலே வேலை நடக்கும், காற்றோட்டம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். மண் அச்சானால் கந்தகமும் போரிக் அமிலமும் கலக்க வேண்டும். சட்டியின் வெளிப்புறத் துரு உதிர்ந்து உலைத்தரையில் கிடந்து, அதன்மேல் உலோகம் ஒழுகினால் தண்டவாளம் பற்றவைக்கும் தெர்மைட் கலவை போலப் பற்றும். தரையைத் தினமும் கூட்ட வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இளமையில் நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் மெக்னீசியச் சீவல் குவியல் பற்றிக்கொண்டது. பதற்றத்தில் ஒரு பையன் வாளி நீரை ஊற்றினான். வெள்ளைத் தீ கூரைவரை எழும்பியது. நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து எரிந்த தீ அது. பையனின் புருவமும் முன்கையும் போயின, உயிர் தப்பினான். நன்றாக உலர்ந்த மணல் நான்கு வாளி அருகில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. மருமகனின் பட்டறையில் எந்த உலை வந்தாலும் முதலில் வர வேண்டியது அந்த மணல்.

மெக்னீசியத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். சாதாரண ஏஇசட்91 கலவை 120 டிகிரிக்கு மேல் பளுவில் மெல்லத் தளரும், போல்ட் பிடிப்பு இளகும். 2004இல் வந்த பிஎம்டபிள்யூ என்52 எஞ்சினில் மெக்னீசிய உடலுக்குள் அலுமினியக் கூட்டை வைத்து வார்த்தார்கள். சிலிண்டரும் குளிர்நீர்ப் பாதையும் அலுமினியத்திலேயே இருந்தன. கிளட்ச் மூடிக்கு அந்தச் சிக்கல் இல்லை. என் யோசனை, முதல் ஆண்டு அந்த மூடியை அலுமினியத்தில் வார்த்துக் கொடுத்துவிடலாம் என்பது. ஒரே கூரையின் கீழ் டைட்டானியத்தையும் மெக்னீசியத்தையும் ஒன்றாகத் தொடங்குவது இரண்டு மனைவிகளோடு புதுக்குடித்தனம் போவது போன்றது.

முப்பரிமாண அச்சு பற்றியும் மருமகன் கேட்டான். ஜிஇ9எக்ஸ் எஞ்சினின் அலுமினைடு இறக்கைகளை எலெக்ட்ரான் கற்றையால் பொடியை உருக்கி அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். நமக்கு அது எட்டாத விலை. அந்த நுட்பத்தை மெழுகு மாதிரி செய்ய மட்டும் எடுத்துக்கொண்டால் மெழுகு வார்க்கும் டையின் செலவு மிச்சம், பத்துச் சக்கரம் மட்டும் கேட்கும் வாடிக்கையாளருக்கு அதுவே லாபம்.

மூலப்பொருளைப் பற்றி ஒரு மனக்குறை. கொல்லம் சவராவில் டைட்டானியத் தாது கலந்த கருமணலை எடுக்கிறோம், அங்கேயே 2011 முதல் ஆண்டுக்கு 500 டன் திறனில் டைட்டானியம் ஸ்பாஞ்ச், அதாவது துளைகள் நிறைந்த கச்சா டைட்டானியம், செய்யும் ஆலை இருக்கிறது. இஸ்ரோவின் பணத்தில், ஹைதராபாத் பாதுகாப்பு உலோக ஆய்வகத்தின் நுட்பத்தில் எழுந்த ஆலை. நம் மாநிலத்து மணல், நம் மாநிலத்து ஸ்பாஞ்ச் என்பதால் அதை வாங்கி நேரடியாக உருக்கலாம் என்று ஆசை வரும். ஸ்பாஞ்சில் எஞ்சியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு வெற்றிடத்தில் ஆவியாகி உலோகத்தைத் தெறிக்கவிடும், பம்பையும் கெடுக்கும். முதலில் ஒரு முறை உருக்கிக் கட்டியாக்கிய அலுமினைடையே வாங்க வேண்டும்.

ஆக, என் முடிவு இண்டக்‌ஷன் ஓட்டு உலை. சுழலும் அச்சு மேசையோடு, சிறிய அளவில், அலுமினைடுக்கு மட்டும். அது கட்டுப்படியாகாத நிலை வந்தால் இட்ரியா மூசையோடு வெற்றிட உலை இரண்டாம் தேர்வு. எஞ்சின் வால்வுக்குப் போதும், வேகச் சக்கரத்துக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்தத் தேர்வு எங்கள் மண்ணிடம் ஒன்றைக் கேட்கும், தண்ணீர். சுற்றிச் சுற்றி வரும் மூடிய குழாய்ச் சுற்று அல்லாமல் வேறு எதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நிலத்தடி நீருக்காகப் பிளாச்சிமடை பட்ட பாட்டை அடுத்த ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. கோரையாற்றுக் கரையில் இருந்துகொண்டு, வார்ப்பின்மேல் ஆக்சிஜன் ஏறி இறுகிய மேற்பரப்புப் படலத்தைக் கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வைப்பதும் கூடாது. அலுமினைடில் அந்தப் படலம் மெல்லியது, மணல் வீச்சும் கடைசலும் போதும் என்பது இதற்குச் சாதகமான இன்னொரு காரணம். மின்சாரம் திடீரென்று நின்றால் செம்பு விரல்களுக்கு நீர் நிற்கக் கூடாது. உலைக்கு மேலே ஒரு தொட்டி கட்டி, பம்பு நின்றதும் தானாகத் திறந்து நீர் இறங்கும்படி வால்வு வைக்க வேண்டும். உலை வரும் முன்பே அந்தத் தொட்டியைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். கார்த்திகைக்குள் சுவர் எழும்பிவிடும் என்கிறான்.